நூறு மனுவிலும் இல்லாத கணக்கு

“மனு கொடுத்து எந்த ஊருக்கு ரோடு வந்திருக்கு? பஸ்ஸை மறிச்சாத்தான் வரும்.” ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் பேருந்தில் சாலை, ஆம்புலன்ஸ், பட்டா என்று எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள் மட்டும் இப்படிச் சொல்வதில்லை. ஆசிரியர்கள் சொல்கிறார்கள். கட்சிக்காரர்கள் சொல்கிறார்கள். மலையைப் பற்றி எப்போதாவது செய்தி எழுதும் நிருபர்கள் சொல்கிறார்கள். மனுவை வாங்கி முத்திரை குத்துகிறவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டால் அவரும் மறுக்கமாட்டார். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் அதிகாரியும் குடிமகனும் இப்படி ஒருமனதாக ஒப்புக்கொள்ளும் கருத்து வேறொன்று தமிழ்நாட்டில் இருக்கிறதா என்பது சந்தேகம்தான்.

இந்தக் கருத்து தவறு என்பது என் கட்சி.

அவர்கள் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்வு நாள். மலைமேல் இருக்கிறவர் அதற்கு வரவேண்டுமானால் அன்றைய கூலியை விடவேண்டும், விடியுமுன் இறங்கி, பேருந்து மாறி, திருப்பத்தூர் போய்ச் சேரவேண்டும், மரத்தடியில் மனு எழுதித் தருகிறவருக்குக் காசு கொடுக்கவேண்டும், வரிசையில் நிற்கவேண்டும். சில வாரம் கழித்துப் பதில் வரும்: ‘தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது.’ அடுத்த முறை: ‘பரிசீலனையில் உள்ளது.’ அதற்கடுத்த முறை: ‘நிதி ஒதுக்கீடு பெறப்பட்டதும் பணி மேற்கொள்ளப்படும்.’ அம்மா திட்டம், முதல்வரின் முகவரி, மக்களுடன் முதல்வர், உங்களுடன் ஸ்டாலின் என்று மனு வாங்கும் திட்டங்களின் பெயர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பதிலின் வாசகம் மட்டும் மாறவில்லை. இதையெல்லாம் அனுபவித்தவருக்கு எழுத்தின் மேலேயே கசப்பு வருவதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அந்த மனுவில் என்ன எழுதியிருந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. எடுத்துப் படித்துப் பாருங்கள். ‘ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன். எங்கள் ஊரில் சாலை வசதி இல்லை. கர்ப்பிணிகளும் முதியோரும் மிகுந்த சிரமப்படுகிறார்கள். பலமுறை மனு கொடுத்தும் நடவடிக்கை இல்லை. ஆகவே சமூகம் அவர்கள் கருணை கூர்ந்து சாலை அமைத்துத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ ஊர்ப் பெயரை மாற்றிப் போட்டால் கல்வராயன் மலைக்கும் பொருந்தும், கொல்லி மலைக்கும் பொருந்தும். சாலை எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும், நீளம் என்ன, நடுவில் யாருடைய நிலம், எத்தனை மரம் விழும், எந்தத் திட்டத்தில் பணம் இருக்கிறது, இதுவரை யார் என்ன காரணம் சொல்லித் தள்ளினார்கள், அந்தக் காரணம் சரியா, எதுவுமே அதில் இல்லை. துயரம் இருக்கிறது. அந்தத் துயரம் உண்மையானது. ஆனால் துயரத்தின் மேல் ஒப்பமிட எந்த அலுவலருக்கும் அதிகாரம் இல்லை.

அரசாங்கம் உள்ளுக்குள் வேறு காகிதத்தில் ஓடுகிறது. ஒன்றிய அலுவலகத்திலிருந்து மாவட்டத்துக்கும், மாவட்டத்திலிருந்து சென்னைக்கும் போவது கருத்துரு. நீளம், அகலம், மதிப்பீடு, நில வகை, பயனாளிகள் எண்ணிக்கை, எந்த நிதித் தலைப்பு என்பதெல்லாம் அதில் இருக்கும். பணம் வருவது அதற்குத்தான். மனு அந்தக் கருத்துருவாக மாறவேண்டும் என்றால் யாரோ ஒரு பொறியாளர் மலையேறி அளக்கவேண்டும், யாரோ ஒருவர் வனத்துறையோடு மல்லுக்கட்டவேண்டும். அந்த ‘யாரோ’ கிடைக்காத இடத்தில்தான் நம்முடைய மனுக்கள் அத்தனையும் நின்று போகின்றன. எழுத்து தோற்றுவிட்டது என்று சொல்கிறவர்கள், பாதி எழுதி நிறுத்திய காகிதத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

சாலையையே எடுத்துக்கொள்வோம். 2023 மே மாதக் கடைசியில் வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம், அல்லேரி மலையின் அத்திமரத்துக்கொல்லையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு தீண்டியது. சாலை இல்லாததால் மருத்துவமனைக்குப் போய்ச் சேரத் தாமதம், குழந்தை பிழைக்கவில்லை. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் மேலே ஏற முடியாமல் பாதியில் இறக்கிவிட, தாய் உடலைக் கையில் ஏந்தி நடந்தார். அந்தப் படத்தை நாடே பார்த்தது. இன்னொரு பக்கம், வாணியம்பாடி வட்டத்து நெக்னாமலை. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு எந்திரத்தைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு அலுவலர்கள் நடந்து ஏறிய ஊர். நோயாளியை டோலி கட்டித் தூக்கி இறக்கிய ஊர். காத்துக் காத்துச் சலித்து 2020இல் ஊர்க்காரர்களே மண்பாதை வெட்டினார்கள்.

இப்படிப்பட்ட ஊர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வரும் ஒரே விளக்கம், ‘வனத்துறை விடமாட்டேங்குது.’ அதோடு பேச்சு முடிந்துவிடும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை யாராவது எடுத்துப் புரட்டினால் பேச்சு அங்கேதான் தொடங்கும். அதன் 3(2) பிரிவு, 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் என்ன சொன்னாலும் சரி என்று தொடங்கி, வனத்தில் வாழ்வோருக்காக அரசு நடத்தும் 13 வகை வசதிகளுக்கு வனநிலத்தை ஒதுக்கலாம் என்கிறது. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய் என்று போகும் அந்தப் பட்டியலில் சாலையும் இருக்கிறது. நிபந்தனைகள்: ஒவ்வொரு பணிக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரைக்கவேண்டும். இதற்கு டெல்லிவரை போகவேண்டியதில்லை. 2009இல் மத்திய பழங்குடியினர் நல அமைச்சகம் வகுத்த நடைமுறைப்படி மாவட்ட வன அலுவலர் அளவிலேயே முடிவெடுக்கலாம்.

இப்போது கணக்கைப் போடுங்கள். 1 ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். சாலையின் அகலம் 3.75 மீட்டர் என்றால் ஒரு ஹெக்டேரில் சுமார் 2.67 கிலோமீட்டர் போடலாம். 3 மீட்டர் என்றால் 3.3 கிலோமீட்டர். வனத்துக்குள் போகும் பகுதி 2 கிலோமீட்டர்தான், மற்ற நிபந்தனைகளும் சரி என்றால் மேசையின் அந்தப் பக்கம் இருக்கிறவரிடம் ‘முடியாது’ என்பதற்குச் சட்டக் காரணமே இல்லை. எழுத்தில் காரணம் கேட்கலாம். 7 கிலோமீட்டர் முழுக்க வனம் என்றால் இரண்டு ஹெக்டேரைத் தாண்டிவிடும். அப்போது வனப் பாதுகாப்புச் சட்டத்தின் வழிதான், மாற்றுக் காடு வளர்ப்பும் அதற்கான பணமும் மத்திய ஒப்புதலும் வேண்டும். இரண்டும் வெவ்வேறு கதவு. எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்பது அந்த ஒரு பெருக்கல் கணக்கில் இருக்கிறது. எட்டாம் வகுப்புக் கணக்கு. ‘கருணை கூர்ந்து’ என்று எழுதிய மனுக்களில் இதைப் போட்டுப் பார்த்தவர் யார்?

இன்னும் ஒன்று. அந்தப் பாதை 1980 அக்டோபர் 25ஆம் தேதிக்கு, அதாவது வனப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்த நாளுக்கு, முன்பே வண்டிப் பாதையாக இருந்தது என்று காட்ட முடிந்தால் ஊரின் வாதம் பல மடங்கு வலுக்கும். பழைய வன வரைபடங்களில் பாதைகள் கோடாகக் கிடக்கும். அதைத் தேடிப் போனால் அது ஆராய்ச்சி. தேடிப் போகாமல் மறியலுக்குப் பந்தல் போட்டால் அது வேறு.

கிராம சபைத் தீர்மானம் கையில் இருக்கிறது என்பார்கள். ஆகஸ்ட் 15ஆம் தேதி ஊராட்சி மொத்தத்துக்கும் நடந்த கூட்டத்தில் முப்பது கையெழுத்தோடு நிறைவேறிய தீர்மானம் அது. வன உரிமைச் சட்டம் கேட்கும் கிராம சபை வேறு. 2012 திருத்த விதிகளின்படி அதில் உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் இருக்கவேண்டும், வந்திருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்கவேண்டும். இந்த ஒரு ஓட்டையைக் காட்டியே கோப்பைத் திருப்பி அனுப்பிவிட முடியும். ‘அதிகாரி வேண்டுமென்றே தள்ளுகிறார்’ என்று நாமும் கோபப்படுவோம். சில நேரம் வேண்டுமென்றேதான் தள்ளுகிறார். அவருக்கு அந்தச் சாக்கை நாம் ஏன் கொடுக்கவேண்டும்?

பணத்துக்கும் இதே கதைதான். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. சமவெளியில் 500 பேர் இருக்கும் குடியிருப்புக்குச் சாலை. மலை மாநிலங்கள், பாலைவனம், அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் போன்றவற்றில் 250 பேர் இருந்தால் போதும். ஜவ்வாது மலை மலைதானே, அங்கே இருப்பவர்கள் பழங்குடிகள்தானே என்று நினைத்து எழுதினால் மாட்டிக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று ஒரு அங்குலம்கூட அறிவிக்கப்படவில்லை. மலை என்பதாலோ பழங்குடி என்பதாலோ அந்தச் சலுகை தானாக வந்துவிடாது. ஆனால் அதே திட்டத்தின் விதிகள், மலைப்பகுதியில் 1.5 கிலோமீட்டர் பாதைத் தொலைவுக்குள் இருக்கும் குடியிருப்புகளைச் சேர்த்து ஒன்றாக எண்ண இடம் தருகின்றன. எண்பது பேர், நூறு பேர் என்று சிதறிக் கிடக்கும் கொல்லைகளை, அதாவது சிறு குடியிருப்புகளை, தனித்தனியாக மனுப் போட வைக்கிற பழக்கத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தோற்கிறது. 2023இல் வந்த பிஎம் ஜன்மன் திட்டத்தில் 100 பேர் இருந்தாலே சாலை என்று கேள்விப்பட்டு அதற்கும் எழுதுகிறவர்கள் உண்டு. அது மிகவும் நலிந்த பழங்குடிகளுக்கு மட்டும். தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு பிரிவினர். ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினர் அதில் இல்லை. 2024 அக்டோபரில் தொடங்கிய தர்தி ஆபா திட்டம் பழங்குடி கிராமங்களுக்குப் பொதுவானது. பார்க்கவேண்டிய வாசல் அது. போதாததற்கு, மலை ஒன்று, மாவட்டம் மூன்று: திருவண்ணாமலை, வேலூர், 2019 நவம்பரில் பிறந்த திருப்பத்தூர். ஒரு பாதை ஒரு கலெக்டரின் எல்லையில் தொடங்கி இன்னொருவர் எல்லையில் முடியவும் கூடும். தவறான முகவரிக்குப் போன மனுவுக்கு ‘சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்பதைத் தவிர வேறு என்ன பதில் வரும்?

இதில் பள்ளிக்கூடத்தையும் குற்றக் கூண்டில் நிறுத்தவேண்டும். பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் கடிதம் எழுதச் சொல்கிறார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று ஆணையருக்கு, சாலை பழுது என்று இன்னாருக்கு. அனுப்புநர், பெறுநர், விளிப்பு, இப்படிக்கு, உறைமேல் முகவரி என்று ஒவ்வொன்றையும் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். உறைமேல் முகவரிக்கு இருக்கிற மதிப்பு, எத்தனை விளக்கு எரியவில்லை என்று எண்ணிப் போட்டதற்கு இல்லை. பணிவு கற்றுத் தருகிறோம். ஆதாரம் தேடக் கற்றுத் தருவதில்லை. எதிர்த் தரப்பு என்ன சொல்லும் என்று யோசித்து அதற்குப் பதில் எழுதவும் கற்றுத் தருவதில்லை. பிறகு கல்லூரியில் ‘புராஜெக்ட்’ என்று நூறு பக்கம் தைத்து வைக்கச் சொல்கிறோம். அது அலமாரிக்குப் போகிறது. ஊரின் பிரச்சினை பற்றி மாணவர் எழுதிய நூறு பக்கம் ஒரு பக்கமும், மரத்தடியில் எழுதிய ஒரு பக்க மனு இன்னொரு பக்கமுமாக இரண்டும் சந்திக்காமலே கிடக்கின்றன.

ஆராய்ந்து எழுதினால் மட்டும் அசைந்துவிடுமா என்று கேட்பவர்களை ஆலங்காயத்திலிருந்து வெகுதூரம் அழைத்துப் போகவேண்டியதில்லை. வாணியம்பாடிக்கு இறங்கினால் போதும்.

பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தையும் கிணற்றையும் கெடுத்த கதை எல்லோருக்கும் தெரிந்தது. பல்லாண்டுகளாகப் புகார் போயிற்று. தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் அதிகாரிகளிடம் காட்டாத விவசாயி இல்லை. 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தந்த தீர்ப்பை எடுத்துப் படியுங்கள். மாசு செய்தவர் ஈடு கட்டவேண்டும், கெடுதல் நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்கவேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. சட்டக் கல்லூரிகளில் அதற்காகத்தான் படிக்கிறார்கள். என் கண்ணில் படுவது அதன் முன்பகுதி. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம், தோல் தொழிற்சாலைப் பட்டையில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போய்விட்டது என்று கணக்கெடுத்திருந்தது. அது அங்கே இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு நடந்து எண்ணியதில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. அதுவும் அங்கே இருக்கிறது. சட்ட உதவி வாரியம் கேட்டுக்கொண்டதால் இரண்டு வழக்கறிஞர்கள் நேரில் போய்ப் பார்த்து எழுதிய அறிக்கையும் இருக்கிறது.

467 கிணற்றை எண்ணுவதற்கு யாரும் முனைவர் பட்டம் பெற்றிருக்க வேண்டியதில்லை. நோட்டு, பேனா, நடக்கக் கால். ‘எங்கள் கிணறுகள் எல்லாம் கெட்டுவிட்டன ஐயா’ என்ற வாக்கியம் எந்த நீதிபதியின் தீர்ப்பிலும் ஏறாது. 467இல் 350 என்பது ஏறியது. அந்தத் தீர்ப்பின்பேரில் அமைந்த சூழலிழப்பு ஆணையம் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சுமார் 27 கோடி ரூபாய் இழப்பீடு என்று கணக்கிட்டது.

இதற்கு மேல் என்ன நடந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. 2025 ஜனவரி 30ஆம் தேதி, அதே பாலாற்று விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் மீண்டும் கண்டிப்பான உத்தரவு போடவேண்டி வந்தது: கொடுக்காமல் வைத்திருக்கும் இழப்பீட்டைக் கொடுங்கள், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு போட்டுக் கண்காணியுங்கள் என்று. 28 ஆண்டுக்கும் மேல்! ‘பார்த்தீர்களா, எழுதி என்ன ஆயிற்று’ என்று இதைக் காட்டியே மறு தரப்பு சிரிக்கலாம். ஆனால் 28 ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்தப் பிரச்சினை மூடப்படாமல் இருந்ததே, அது எதனால்? ஆட்சிகள் மாறின, கலெக்டர்கள் மாறினார்கள், அன்று போராடியவர்களில் பலர் இல்லை. காகிதத்தில் ஏறிய எண் மட்டும் போகாமல் இருந்தது. பேருந்து மறியலின் ஆயுள் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்?

மறியலை நான் இழிவாகப் பேசவில்லை. மலைமக்கள் நடுரோட்டில் உட்கார்ந்தால்தான் தாசில்தார் ஜீப் வருகிறது என்பது நடைமுறை. தேர்தல் புறக்கணிப்பு என்று ஒரு பேனர் கட்டினால் முந்தின நாள் இரவே அதிகாரிகள் மலையேறுவார்கள். சரி. வந்த தாசில்தாரிடம் என்ன கொடுக்கிறோம்? ‘மூன்று மாதத்தில் முடித்துத் தருகிறேன்’ என்று அவர் வாயால் சொன்னதை வாங்கிக்கொண்டு எழுந்துவிடுகிறோம். அவர் மாற்றலாகிப் போகிறார். அடுத்து வருபவருக்கு அந்த வாக்குறுதி இருந்ததே தெரியாது. சாலையில் உட்கார்ந்திருந்த அந்த மூன்று மணி நேரம்தான் ஊருக்கு இருக்கிற ஒரே பேரம் பேசும் நேரம். அப்போது கையில் வரைபடமும் கணக்கும் பிரிவு எண்ணும் இருந்திருந்தால், ‘இந்தத் தேதிக்குள் இந்த அலுவலர் இந்த ஒப்புதலைத் தருவார்’ என்று எழுதி வாங்கியிருக்கலாம். உட்காரும் ஊருக்குத்தான் காகிதம் இன்னும் அதிகமாக வேண்டும்.

வலுவான எதிர்வாதம் இனிமேல்தான் வருகிறது. ‘அளப்பதும் சட்டம் பார்ப்பதும் நிதி தேடுவதும் சம்பளம் வாங்குகிறவர்களின் வேலை. பாம்பு கடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவளிடம் போய் ஆய்வறிக்கை கேட்பது கொடுமை.’ ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கமாட்டேன். அவளிடம் யாரும் கேட்கக்கூடாது. அவளிடம் மனுவும் கேட்கக்கூடாது. நான் கேட்பது அவள் பெயரில் பேசுகிற மற்றவர்களிடம்: சங்கம் வைத்திருப்பவர்களிடம், மலைக்கு மாற்றலாகி வந்த ஆசிரியரிடம், ஊரில் முதல் பட்டம் வாங்கிய பையனிடமும் பெண்ணிடமும், கட்டுரை எழுதும் என்னைப் போன்றவர்களிடம். அரசின் வேலையை நாம் செய்வது நியாயமில்லைதான். ஆனால் அரசு செய்யவில்லை என்று நிரூபிக்கவும் ஒரு கணக்கு வேண்டியிருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ‘இந்தச் சாலைக்கான கருத்துரு எந்தத் தேதியில், யாரிடம், என்ன குறிப்போடு நிற்கிறது’ என்று கேட்டால் 30 நாளில் பதில் தரவேண்டும். அந்தப் பதில் ஒன்று போதும், ‘நிதி இல்லை’ என்று சொன்ன துறையையும் ‘எங்களுக்கு வரவே இல்லை’ என்று சொன்ன துறையையும் எதிரெதிரே நிறுத்த.

‘ஆராய்ச்சியெல்லாம் படித்தவன் சமாசாரம்’ என்பதும் அப்படித்தான். வன உரிமைச் சட்டத்தின் விதிகள் எதையெல்லாம் சான்றாக ஏற்கின்றன என்று பாருங்கள். ஊர்ப் பெரியவர்கள் சொன்னதை எழுதி வைத்த வாக்குமூலம் அதில் ஒன்று. பாட்டியின் நினைவைச் சட்டமே ஆவணமாக ஒப்புக்கொண்டுவிட்டது, நாம்தான் ஒப்புக்கொள்ளவில்லை. செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊரிலிருந்து அடிவாரம்வரை நடந்தால் பாதையின் நீளமும் வளைவும் ஏற்றமும் பதிவாகிவிடுகிறது. போன மழைக்காலத்தில் எத்தனை முறை டோலி கட்டினோம், எந்த இரவில், யாருக்காக, அடிவாரம் போக எத்தனை மணி நேரம் ஆயிற்று. எத்தனை பிரசவம் வீட்டிலேயே நடந்தது. ரேஷன் அரிசியை மேலே ஏற்ற மூட்டைக்குச் சுமைக்கூலி எவ்வளவு. எத்தனை பெண்பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நின்றார்கள். இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த விஷயம். தேதி போட்டு எழுதி வைக்காததால் வெறும் புலம்பலாகிவிடுகிறது.

இதே மலையில், ஆலங்காயத்துக்குப் பக்கத்திலேயே, ஆராய்ந்து கேட்டு வாங்கிய காரியம் ஒன்று நிற்கிறது. கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த வைணு பாப்பு, இரவு வானம் தெளிவாக இருக்கும் இடம் தேடி ஆய்வு செய்து 1960களில் காவலூரைத் தேர்ந்தார். மேகம், அட்சரேகை, நகர வெளிச்சத்தின் தொலைவு எல்லாம் பார்த்து எடுத்த முடிவு. 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் கருவி வந்தது. 1986 ஜனவரியில், பாப்பு இறந்து நான்காம் ஆண்டில், 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி வந்து திறந்து வைத்தார். விண்மீனைப் பார்க்க அரசு மலையேறியது. பக்கத்துக் கொல்லையில் பிரசவ வலியில் இருப்பவரைப் பார்க்க ஏறவில்லை என்று இதை வைத்து ஆத்திரப்படலாம். ஆத்திரத்தில் நியாயமும் உண்டு. விஞ்ஞானிக்குக் கிடைக்கும் மரியாதை மலையாளிக் குடியானவருக்குக் கிடைக்காது என்பது ஊரறிந்த உண்மை. ஆனாலும் எவ்வளவு செல்வாக்குள்ள விஞ்ஞானியும் ‘கருணை கூர்ந்து தொலைநோக்கி அமைத்துத் தரவும்’ என்று எழுதவில்லை. அவரே வானத்தை அளந்துவிட்டுத்தான் கேட்டார்.

நல்ல கருத்துரு எழுதுவதில் மிகக் கஷ்டமான பகுதி எது என்றால், எதிராளியின் வாதத்தை அவரைவிட நன்றாக எழுதுவது. நம்மூர் எழுத்தில் அறவே இல்லாதது அதுதான். வனத்துறைக்காரர் சாலையை எதிர்ப்பதற்கு அசட்டையும் ஆணவமும் மட்டும் காரணமல்ல. ஜவ்வாது, சந்தனமரம் விளைந்த மலை. திருப்பத்தூரில் அரசுச் சந்தனக் கிடங்கு இருப்பது அதனால்தான். லாரி ஏறும் சாலை போட்டால் கட்டை இறங்கும் என்ற பயம் அனுபவத்தில் வந்தது. பக்கத்தில் ஏலகிரியைப் பாருங்கள். சாலை போனது, பின்னாலேயே விடுதிகள் போயின. மலைக்காரருக்கென்று போடும் சாலையில் கடைசியில் ஏறுவது சென்னை, பெங்களூர்க் கார்களாக இருக்கலாம், நிலம் கைமாறலாம். இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் ‘வனத்துறை ஒழிக’ என்பது வாதத்தில் தோற்க எளிய வழி. பதில் எழுத முடியும். அகலம் 3 மீட்டருக்கு மேல் வேண்டாம். ஆம்புலன்சும் டிராக்டரும் போனால் போதும். அடிவாரத்தில் செக்போஸ்ட், ஊரார் பெயர்ப்பட்டியல். மறுபக்கம் இறங்கும் தொடர்ச்சாலை கேட்கவில்லை. ஊர் நிலத்தை வெளியாருக்கு விற்பதில்லை என்று கிராம சபையில் தீர்மானம். இதை ஊரே முன்வந்து எழுதிக் கொடுத்தால், மறுக்கிற அலுவலர் எதை மறுக்கிறார் என்று எழுத்தில் சொல்லியாகவேண்டும்.

இதை எழுதும்போது ஊருக்குள்ளேயே சண்டை வரும். வெளியூர்க்காரருக்கு நிலம் விற்க முன்பணம் வாங்கியவர் இருப்பார். சாலை தன் சாமை நிலத்தின் வழியாகப் போவதை விரும்பாதவர் இருப்பார். சுமைக்கூலியில் பிழைக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு என்ன வழி என்பதும் எழுதப்படவேண்டிய கேள்விதான். மரத்தடி மனுவில் இந்தச் சண்டைக்கு இடமே இல்லை, எல்லோரும் ஒற்றுமையாகக் கையெழுத்துப் போட்டுவிடலாம். அதன் கவர்ச்சி அதில்தான் இருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கடைசிப் பக்கம் பராமரிப்பு. மலையில் போட்ட சாலையை இரண்டு ஐப்பசி அடைமழை அரித்துவிடும். வாய்க்காலும் சிறு பாலமும் தடுப்புச் சுவரும் மதிப்பீட்டில் இல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டு மறுபடியும் டோலிதான். பாலாற்று வழக்கு சொல்வதும் இதையே: உத்தரவு வாங்குவதோடு நிறுத்திய இடத்தில் இருபத்தெட்டு ஆண்டுக்கு மேல் போனது. ஆகவே சாலை யார் பெயரில் இருக்கும், ஒப்பந்ததாரரின் பராமரிப்புப் பொறுப்பு எத்தனை ஆண்டு, அது முடிந்தபின் ஒன்றியமா நெடுஞ்சாலைத் துறையா, ஆண்டுதோறும் மழைக்கு முன் யார் வந்து பார்த்துக் கையெழுத்திடுவார்கள், வராவிட்டால் ஊர் யாருக்கு எழுதும் என்பதும் அந்தக் காகிதத்திலேயே இருக்கவேண்டும். ஊர் தரப்பில் இரண்டு பெயர் போடுங்கள். ஒன்று பெண்ணுடையதாக இருக்கட்டும். டோலிக்குப் பின்னால் அதிகம் நடந்தவர்கள் அவர்கள்தான்.